சவிரிமுத்து அப்போதிக்கரியாரின் கலியாணப் பீப்பா

செய்தியைக் கொண்டு வந்தவர் அவருடைய மருமகன் யோசேப்பு. வெள்ளவத்தையில் முதல் ரயிலைப் பிடித்துக் கொழும்புக் கோட்டையில் இறங்கி, அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்கு நடந்தே வந்திருக்கிறார். நான் கடையைத் திறந்து ஏலக்காய்ச் சாக்கு ஒன்றின் வாயை அவிழ்த்துக்கொண்டு நின்றேன். அவர் படியில் ஏறவில்லை. முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

"மாமா விடியப்புறம் போயிட்டார் அண்ணை. ஒரு கஷ்டமும் படேல்லை. நித்திரையிலைதான்."

உள்ளதைச் சொல்லுகிறேன். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு நீண்ட மூச்சுத்தான் இறங்கியது. ஆறு மாதமாகக் கால் வீங்கி, நாலு தலையணையில் சாய்ந்துகொண்டு, மூச்சுக்கு மூச்சு போராடிய மனிதருக்கு ஆறுதல் கிடைத்ததே என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருந்தது. அது எனக்கும் அவருக்கும் நடுவில் நாலு வருடமாகக் கிடந்து, அவர் சாவதற்கு மூன்று கிழமைக்கு முன்னர்தான் தீர்ந்த ஒரு காரியம். தீராமல் அவர் போயிருந்தால் இன்றைக்கு நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னையும் எழுதச் சொன்னவர் அவருடைய மனைவி திரேசம்மா அக்கா. "அக்கா, அவரைப் பற்றி எழுதிறதெண்டால் ரம்மைப் பற்றித்தான் எழுத வேணும். சுவாமிமாரும் படிப்பினம். பறவாயில்லையோ?" என்று கேட்டேன். "எழுதுங்கோ தம்பி. ஆனா கலியாணம் கட்டி முப்பத்தெட்டு வருசத்திலை ஒரு நாளும் தள்ளாடி வீட்டுக்கு வந்த மனுசன் இல்லை எண்டதையும் சேர்த்து எழுதுங்கோ" என்றார். எழுதிவிட்டேன். அது முழு உண்மை.

அவரை நான் அறிந்தது கறுவாவால். அரசாங்க ஆஸ்பத்திரியில் அப்போதிக்கரியாக, மருந்து கலக்கும் உத்தியோகத்தில் இருந்து இளைப்பாறியவர் அவர். நான் பருத்தித்துறையிலிருந்து வெறுங்கையோடு வந்து, நடைபாதையில் கடகம் வைத்து வாசனைச் சரக்கு விற்று, அப்போதுதான் ஒரு சின்னக் கடைக்குள் ஏறியிருந்தேன். ஒரு நாள் காலை வெள்ளைக் கோட்டும் குடையுமாக வந்து கறுவாப் பட்டையில் ஒன்றை முறித்தார். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். இரண்டு கையையும் குவித்து, வாயைச் சற்றே திறந்துகொண்டு மோந்து பார்த்தார்.

"முதலாளி, இந்தச் சாக்குக்குப் பக்கத்திலை மண்ணெண்ணெய் டின் ஏதும் இருந்ததோ?"

"சும்மா கதையாதேயுங்கோ ஐயா. நேற்றுத்தான் நீர்கொழும்பாலை வந்த சரக்கு."

"நேற்று வந்ததுதான், நான் இல்லையெண்டேல்லை. ராத்திரி ஆரோடை படுத்ததெண்டுதான் கேக்கிறன்."

கடையில் நின்ற சனம் முழுக்கச் சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் சாக்குக்குப் பின்னால் மண்ணெண்ணெய் டின் இருந்தது. வேறொருவன் என்றால் அவரை மறுபடி கடைப் பக்கம் வர விட்டிருக்க மாட்டான். நான் வியாபாரி. இந்த மூக்கு என்னுடைய கடைக்கு வேண்டும் என்று அந்த நிமிடமே தீர்மானித்துவிட்டேன். பிறகு எந்தச் சரக்கு வந்தாலும் அவருக்குச் சொல்லி அனுப்புவேன். அவர் மோந்து பார்த்து, எதை வாங்கலாம், எதைத் திருப்பலாம் என்று சொல்லுவார். கூலியாக மெல்லிய கறுவாப் பட்டையில் முதல் தரமானதைத் தெரிந்து கொடுப்பேன். என் சரக்கு சுத்தம் என்று இன்றைக்குப் பேர் இருக்கிறது. அந்தப் பேரில் பாதி அவருடைய மூக்கு சம்பாதித்தது.

அந்தக் கறுவா எதற்கு என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வெள்ளவத்தையில் அவருடைய வீட்டுப் பின்னறையில், ஆஸ்பத்திரி மருந்தறைபோல ஒரு தட்டு முழுக்கப் போத்தல்கள். எல்லாம் கோட்டையில் தீர்வை கட்டி வந்த ரம். தெமராராவிலிருந்து வந்த கறுப்பு ரம், ஜமெய்க்காவிலிருந்து வந்த மூக்கைத் துளைக்கும் ரம், பேர் தெரியாத தீவுகளின் ரம். சொட்டுச் சொட்டாக அளவுக் கண்ணாடியில் ஊற்றி ஒன்றோடொன்றைக் கலப்பார். கறுவா, தோடம்பழத் தோல், சாதிக்காய், முந்திரிகை வற்றல், கருக்கிய சீனி என்று ஊறப்போட்டு, எத்தனை நாள் ஊறியது என்று போத்தலில் ஒட்டி வைப்பார். வடிக்கிற வேலை மட்டும் செய்யவே மாட்டார். "வடிக்கிறது சட்டத்துக்கு விரோதம். கலக்கிறது எனக்கும் என்ரை மூக்குக்கும் இடையிலை உள்ள விசயம்" என்பார்.

சனிக்கிழமை பின்னேரங்களில் அவருடைய யன்னலோரம் கூடிய நாலைந்து பேரில் நீங்களும் ஒருவராக இருந்தால் அந்த ஒழுங்கை மறந்திருக்க மாட்டீர்கள். சின்னக் கிளாஸில் விரல் அகலம் ரம். முதலில் மோக்க வேண்டும். பிறகு ஒரு தேக்கரண்டி தண்ணீர் விட்டு மறுபடி மோக்க வேண்டும். அதன் பிறகுதான் நாக்கில் வைக்கலாம். அவசரப்பட்டு வாயில் ஊற்றுகிறவரைப் பார்த்து, "இது கசாயமில்லைக் காணும், மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்க!" என்பார். எல்லாவற்றிலும் பெரிய விதி ஒன்று. நல்லது, கூடாது என்ற தீர்ப்பை அன்றைக்குச் சொல்லக் கூடாது. குடித்து முடித்த கிளாஸைக் கழுவாமல் ஒரு சோசரால் மூடி யன்னலில் வைத்துவிட்டு, அடுத்த நாள் காலை அந்த வெறுங் கிளாஸை மோந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

"நிறைஞ்ச கிளாஸ் முகத்துக்கு நேரை நல்லாக் கதைக்கும். வெறுங் கிளாஸ்தான் உள்ளதைச் சொல்லும்." இது அவருடைய வாக்கு.

அவருக்கும் பிழைக்காமல் இல்லை. ஒருமுறை கராம்பு கூடிப்போய்ப் போத்தல் முழுவதும் பல்லுக்குத்து மருந்து மாதிரி ஆகிவிட்டது. ஊற்றிவிடவும் மனமில்லை. அவருடைய தெருவில் பல்லுக்குத்து என்று யார் சொன்னாலும் ஒரு சின்னக் குப்பியில் கொடுத்து அந்தப் போத்தலை முடித்தார். "என்ரை கலவையளிலை வாடிக்கையாளர் திரும்பி வந்து கேட்டது இது ஒண்டுதான்" என்று தானே சொல்லிச் சிரிப்பார்.

அவருடைய குணத்துக்கு ஒன்று சொல்லுகிறேன். ஒரு சனிக்கிழமை கோட்டில் வழக்குப் பேசும் பெரிய புறக்கிராசியார் ஒருவர் சீமையிலிருந்து வரவழைத்த விலை உயர்ந்த போத்தலோடு வந்தார். இதற்கு நிகர் கொழும்பிலேயே இல்லை என்று அடித்துச் சொன்னார். அப்போதிக்கரியார் அந்தப் போத்தலையும் தன் போத்தல் மூன்றையும் மண்ணிறத் தாளால் சுற்றி மேசையில் வைத்தார். புறக்கிராசியார் நான்கையும் ருசி பார்த்துவிட்டு, "இதுதான் என்னுடையது, ராசா ரம்!" என்று ஒன்றைத் தூக்கிப் பிடித்தார். அது துறைமுகத்துக் கடைகளில் விற்கும் சாதாரண ரம்மில் அப்போதிக்கரியார் கலந்தது. தாளை அவிழ்க்க நான் கையை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். புறக்கிராசியார் போன பிறகு, "ஏன் ஐயா மறிச்சனீங்கள்? நல்ல பகிடியாய் இருந்திருக்குமே" என்று கேட்டேன்.

"மனுசன் சந்தோசமாய்க் குடிச்சிட்டுப் போறான். அவன்ரை முகம் கறுத்தால் எனக்கு இந்த ரம் இனிக்குமோ?" என்றார்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

இனிப் பீப்பாவுக்கு வருகிறேன். அப்போதிக்கரியாரின் மகள் றோசலின் புது நன்மை, அதாவது முதல் நற்கருணை, எடுத்த வருடம், கோயிலுக்குப் பூசை வைன் வந்த சின்ன ஓக் மரப் பீப்பா ஒன்றைச் சுவாமியாரிடம் கேட்டு வாங்கினார். தன் கலவைகளில் ஆகச் சிறந்ததை அதில் நிரப்பி, மகளுடைய கலியாணத்தன்று திறப்பதென்று மூடினார். பின்னறையில் ஈர மணலில் கிடத்தி, மேலே ஈரச் சாக்குப் போட்டு, குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். வருடத்துக்கொரு முறை குறைந்ததை மட்டும் நிரப்புவார்.

பிறகு யுத்தம் வந்தது. உயிர்த்த ஞாயிறு காலை ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். அந்தக் கிழமையே வெள்ளவத்தைச் சனம் பாதி யாழ்ப்பாண ரயிலில் ஏறிவிட்டது. அப்போதிக்கரியார் குடும்பமும் புறப்பட்டது. கால் வைக்க இடமில்லாத ரயிலில் பீப்பாவுக்கு எங்கே இடம்? நான் கடையை விட்டுப் போக முடியாதவன். என்னிடம் ஒப்படைத்தார். வண்டியில் ஏற்றும்போது, "முதலாளி, ஈரச் சாக்கை மறந்திடாதேயும்" என்றார். மூன்று தரம் சொன்னார்.

துறைமுகத்துக்குக் கிட்ட இருப்பது பயம் என்று என் சரக்கையெல்லாம் ஒருகொடவத்தையில் ஒரு தகரக் கூரைக் கிட்டங்கிக்கு மாற்றினேன். பீப்பாவும் போனது. இரண்டு கிழமை ஈரச் சாக்குப் போட்டேன். மூன்றாம் கிழமை பக்கத்தில் இருந்த ஏலக்காயில் பூஞ்சணம் பிடித்தது. வாசனைச் சரக்குக்காரனுக்கு ஈரம்தான் சத்துரு. பதினைந்து வருடமாக ஈரத்தோடு சண்டை பிடித்த என் புத்திக்கு, பெறுமதியான பொருள் உலர்ந்த இடத்தில், உயரத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் பட்டது. பீப்பாவைத் தூக்கிக் கூரைக்குக் கீழே மேல் பரணில் வைத்தேன். எலி ஏறாது, கள்ளன் காணான். கெட்டிக்கார வேலை செய்தேன் என்று திருப்தியும் பட்டுக்கொண்டேன்.

ஒரு வருடத்துக்கு மேல் போனது. யாழ்ப்பாணத்திலிருந்து கடிதம் வந்தது: றோசலினுக்குச் சம்பந்தம் பொருந்திவிட்டது, திரும்பி வருகிறோம், கலியாணம் வெள்ளவத்தையில்தான். நான் பரணில் ஏறிப் பீப்பாவை அசைத்தேன். ஒரு கையால் தூக்க முடிந்தது.

அந்த நிமிடம் எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. தகரத்தின் வெக்கையில் பலகை சுருங்கி, இடுக்கெல்லாம் விட்டு, ரம்மில் பாதிக்கு மேல் போய்விட்டது. மிஞ்சியது தார் மாதிரிக் கறுத்து அடியில் கிடந்தது. பத்து வருடமாக ஒரு தகப்பன் மகளுக்கென்று வளர்த்ததை நான் என் கெட்டித்தனத்தால் கொன்றிருந்தேன்.

அவருக்கு அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. வியாபாரி மூளை வேறு வழியில் ஓடியது. கப்பலுக்குச் சாமான் கொடுக்கும் ஒருவரிடம் கடற்படைக்காரரின் ரம் கொஞ்சம் வாங்கினேன். அடியில் மிஞ்சிக் கிடந்ததன் மேலேயே அதை ஊற்றினேன், போதவில்லை. நல்ல பழைய தென்னஞ் சாராயம் சேர்த்தேன். நிறத்துக்குக் கருக்கிய சீனி வேண்டும், சீனியோ யுத்தக் கூப்பனுக்கு அளவாகத்தான். ஆகவே கித்துள் மரத்துக் கருப்பட்டியைக் கருக்கி ஊற்றினேன். அவர் செய்ய நான் பார்த்திருந்த விதமாகவே கறுவாவும் தோடம்பழத் தோலும் ஊறவிட்டு எடுத்தேன். இடுக்குகளைத் தேன்மெழுகால் அடைத்து, ஈரச் சாக்குச் சுற்றி, ஒன்றும் அறியாதவன்போல வெள்ளவத்தையில் கொண்டுபோய் இறக்கினேன்.

கலியாணத்தன்று பின்னேரம் பீப்பா திறந்தார்கள். வந்தவர்கள் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டு குடித்தார்கள். அப்போதிக்கரியார் மோந்தார். தண்ணீர் விட்டு மறுபடி மோந்தார். ஒரு வாய் குடித்தார். "நல்லா வந்திருக்கு முதலாளி" என்று என் கையைப் பிடித்தார். வெறுங் கிளாஸைச் சோசரால் மூடி யன்னலில் வைத்ததையும் கண்டேன்.

அடுத்த நாள் காலை நான் அந்தப் பக்கம் போகவில்லை. சரக்கு எடுக்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுப் பத்து நாள் கண்டியில் இருந்தேன்.

திரும்பி வந்த பிறகும் அவர் அதைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. சனிக்கிழமைகளில் போவேன், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றே போவேன். சொல்ல வாயெடுத்தால் வெங்காயம், மிளகாய் என்று ஏதோ ஒன்று வரும். நாலு வருடம் அப்படி ஓடியது. பிறகு அவர் படுக்கையில் விழுந்தார்.

அவர் சாவதற்கு மூன்று கிழமைக்கு முன் ஒரு ஞாயிறு காலை, பூசை முடிந்து வீடு அமைதியாக இருந்த நேரம், கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"ஐயா, கலியாணப் பீப்பாவிலை பாதிக்கு மேலை நான் ஊத்தினது."

அவர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். பிறகு தலையணை குலுங்கியது. இருமுகிறார் என்று நினைத்துப் பதறி எழும்பினேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பாடா! நாலு வருசமாய் வாயைத் திறக்கிறீர், வெங்காய விலையைச் சொல்லிப்போட்டுப் போறீர். நான் சாகிறதுக்குள்ளை சொல்லுவீரோ எண்டு எனக்கே சந்தேகமாய்ப் போச்சுது."

"உங்களுக்குத் தெரியுமே?"

"விடிய எழும்பி முதல் வேலையாய்க் கிளாஸைத்தானே எடுத்தனான். கித்துள் கருப்பட்டி! நான் சீவியத்திலை சீனியைத் தவிர வேறை ஒண்டும் கருக்கிப் போட்டதில்லையே."

"பிறகேன் என்னட்டைக் கேக்கேல்லை?"

"என்னெண்டு கேக்கிறது? கேட்டால் உம்மடை முகம் என்னமாய்ப் போயிருக்கும்?" மூச்சு வாங்க நிறுத்தினார். பிறகு தலையைக் கிட்டக் கொண்டு வந்து, யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலச் சொன்னார். "மெய்யைச் சொல்லட்டே? அது என்ரை ரம்மை விட நல்லது. நாலு வருசமாய் அதே ருசியைப் பிடிக்கப் பார்க்கிறன். கித்துள் போட்டுப் பார்த்தன், சாராயம் விட்டுப் பார்த்தன். வருகுதில்லை. என்ன காணும் போட்டனீர்?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் வெட்கத்தால் சொல்லாமல் இருந்தேன். அவர் என்னை வெட்கப்படுத்தக் கூடாதென்று கேட்காமல் இருந்தார். நடுவில் ஒரு நல்ல ரம் நாலு வருடம் காத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கடற்படை ரம், சாராயம், கறுவா. அவர் தலையை ஆட்டி, "அதெல்லாம் நான் கண்டுபிடிச்சிட்டன். இன்னும் ஒண்டு இருக்கு" என்றார். தகரக் கூரையையும் மேல் பரணையும், அடியில் தார் மாதிரி மிஞ்சிக் கிடந்ததையும் சொன்னேன். கட்டிலில் அடித்தார்.

"அதுதான்! வெக்கை! பத்து வருசமாய் நான் ஈரச் சாக்குப் போட்டுத் தாலாட்டினன். நீர் அதைக் கொண்டுபோய் அடுப்பிலை வைச்சிருக்கிறீர்!"

அன்றைக்கு அந்த வீட்டில் ஒரு திருவிழாவே நடந்தது. நாலு வருடமாக அவர் செய்து தோற்ற கலவைகள் இருபதுக்கு மேற்பட்ட போத்தல்களில் இருந்தன. எல்லாவற்றையும் கட்டிலுக்குப் பக்கத்தில் அடுக்கச் சொன்னார். ஒவ்வொன்றாக மோந்து, இது ஆகும், இது வேண்டாம் என்று விரலால் காட்டினார். அவருக்குக் குடிக்கத் தடை, மோக்கத் தடை இல்லை. நான் அளந்து பழைய பீப்பாவில் ஊற்றினேன். குசினியில் கித்துள் கருகிய மணம் வரவே திரேசம்மா அக்கா ஓடி வந்தார்.

"படுக்கையிலை கிடந்தும் விடுறியள் இல்லையே! தம்பி, நீங்களும் இவரோடை சேர்ந்து..."

"இஞ்சை பாரும், சும்மா இரும். றோசலின்ரை பிள்ளையின்ரை ஞானஸ்நானத்துக்குத்தானே" என்றார் அவர். அக்கா போய்க் கருப்பட்டியை இன்னும் கொஞ்சம் உடைத்துக் கொடுத்தார்.

மூடி அடித்த பிறகு பீப்பாவை என்னையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். "கொண்டுபோய் அதே கூரைக்குக் கீழை வையும். முந்தித் தெரியாமல் விட்ட பிழையை இந்த முறை தெரிஞ்சு விடும்."

அவர் கடைசியாக எனக்குச் சொன்ன வேலை அது. ஒருமுறை கெடுத்தவனிடம் அதே பொருளை மறுபடி ஒப்படைத்தார். மன்னித்தேன் என்று வாயால் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு நிம்மதி வந்திராது. அந்தச் செய்தி வந்த காலை நான் விட்ட நீண்ட மூச்சுக்குக் காரணம் இதுதான்.

அவருடைய அளவுக் கண்ணாடியைத் திரேசம்மா அக்கா எனக்குத் தந்திருக்கிறார். கடையில் தராசுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். சரக்கில் பிழை தெரிந்தால் இப்போது அன்றைக்கே சொல்லிவிடுகிறேன், பிழை என்னுடையதென்றாலும். அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது இவ்வளவுதான். என் தொழிலுக்கு இது தாராளம்.

றோசலினுக்கு மார்கழியில் பிள்ளை பிறக்கும் என்கிறார்கள். ஞானஸ்நானத்துக்கு நீங்கள் எல்லாரும் வருவீர்கள். உங்கள் கையில் தருகிறதை முதலில் மோந்து பாருங்கள். நல்லது, கூடாது என்று அன்றைக்கு ஒன்றும் சொல்லாதீர்கள். வெறுங் கிளாஸைச் சோசரால் மூடி யன்னலில் வைத்துவிட்டு, அடுத்த நாள் காலை வந்து சொல்லுங்கள். நான் கண்டிக்குப் போக மாட்டேன். வீட்டில்தான் இருப்பேன்.

போன கிழமை ஒருகொடவத்தைக்குப் போய்ப் பரணில் ஏறிப் பீப்பாவை அசைத்துப் பார்த்தேன். தகரம் கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே குறைந்துகொண்டு வருகிறது. குறையட்டும் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.